வியன்னாவின் மலை ஊற்றுநீர்: கைசர்ப்ரூனுக்கு ஒரு நாள் ஒதுக்கலாமா?

ஜூன் மாதத்தில் நான்கு நாட்கள் வியன்னாவில் தங்கப் போவதாகவும், அந்நகரின் குழாய்களில் வருவது மலை ஊற்றுநீர், அதைச் சுத்திகரிப்பதே இல்லை என்று கேள்விப்பட்டதாகவும், அது உண்மையா, அந்த ஊற்றைப் பார்ப்பதற்காக ஒரு நாளைச் செலவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியைத் திரும்பப் படித்தபோது அதற்குள் மூன்று கேள்விகள் இருப்பதாக எனக்குப் பட்டது. ஊற்றுநீர் என்பது எந்த அளவுக்கு உண்மை என்பது ஒன்று. ஒரு குடிநீர் நிலையத்தில் பொறியாளர் அல்லாத ஒருவர் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்பது இன்னொன்று. நான்கே நாட்கள் உள்ளவர் அரண்மனைகளையும் அருங்காட்சியகங்களையும் விட்டுவிட்டு அங்கே போவது தகுமா என்பது மூன்றாவது. மூன்றாவதற்கு விடை முதல் இரண்டையும் பொறுத்தது என்பதால் அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குடிநீர்த் திட்டங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். நான் வேலை செய்தவை பெரும்பாலும் ஆற்றுப்படுகைக் கிணறுகள், நீரேற்று நிலையங்கள், மேல்நிலைத் தொட்டிகள் ஆகியவை. மோட்டார் இல்லாமல் ஒரு பெருநகருக்கு நீர் போகிறது என்பதை நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசையால் நீங்கள் கேட்ட ஊற்று இருக்கும் கைசர்ப்ரூனுக்கு இருமுறை சென்றேன். எனவே நீர் வரும் வழி, வாட்டம் (நீர் தானாக ஓடுவதற்கான சரிவு), காப்பு ஏற்பாடுகள் பற்றித் துணிந்து சொல்வேன். மருத்துவ வரலாற்றைப் பொறுத்தவரை நானும் வாசகன்தான். அங்கே என் சொல்லை முடிந்த முடிவாகக் கொள்ள வேண்டாம்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ இருபது லட்சம் மக்கள் வாழும் வியன்னாவுக்கு இரண்டு நீண்ட வழித்தடங்கள் ஆல்ப்ஸ் மலையின் கிழக்கு ஓரத்திலிருந்து நீர் கொண்டுவருகின்றன. முதலாவது 1873-லும் இரண்டாவது 1910-லும் திறக்கப்பட்டன. நகரின் தேவையில் மிகப் பெரும் பகுதியை இவை இரண்டுமே நிறைவேற்றுகின்றன. பராமரிப்புக்காக ஒரு வழித்தடத்தை நிறுத்தும்போதும், கடும் வெயிலில் தேவை ஏறும்போதும் மட்டும் நிலத்தடி நீரைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆகவே ஊற்றுநீர் என்பது விளம்பரச் சொல் அன்று. மலையிலிருந்து நகர எல்லை வரை நீர் புவியீர்ப்பால் மட்டுமே வருகிறது என்பதும் உண்மை. வழியில் உயரம் மிகுதியாக இறங்கும் இடங்களில் அந்த நீரைக் கொண்டு மின்சாரமும் எடுக்கிறார்கள். மின்கட்டணம் கட்டியே நொந்துபோன எங்களைப் போன்றோருக்கு, நீரை அனுப்புவதற்குச் செலவழிக்காமல் அதிலிருந்து மின்சாரத்தைப் பெறுகிறார்கள் என்பது எத்தனை முறை கேட்டாலும் வியப்பாகவே இருக்கும்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொண்டு போனால்தான் அங்கே பார்ப்பது பொருள்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வியன்னா மக்கள் பெரும்பாலும் வீட்டுக் கிணறுகளையே நம்பியிருந்தார்கள். 1841-இல் தொடங்கிய பேரரசர் ஃபெர்டினாண்ட் பெயரிலான குடிநீர்த் திட்டம் டான்யூப் கால்வாயின் கரையில் மணலில் வடிந்த நீரை எடுத்துக் கொடுத்தது. ஆனால் பெருகிய நகருக்கு அது போதவில்லை. 1862-இல் எடுவார்ட் சூஸ் என்ற புவியியல் அறிஞர் வியன்னாவின் நிலத்தடி மண்ணைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எந்த அடுக்கில் எந்தக் கிணறு இருக்கிறது, கழிவும் இடுகாட்டுக் கசிவும் எந்தக் கிணறுகளுக்குள் இறங்குகின்றன என்பதை அவர் அதில் எடுத்துக்காட்டினார். அடுத்த ஆண்டே நகர்மன்ற உறுப்பினராகி, அருகில் ஓடும் டான்யூபை விட்டுவிட்டுத் தொலைவில் உள்ள மலை ஊற்றுகளைக் கொண்டுவர வேண்டும் என்று வாதாடினார். தென் கண்டங்கள் எல்லாம் ஒருகாலத்தில் ஒன்றாக இருந்தன என்ற கருத்துக்கு நம் நாட்டுக் கோண்டு மக்களின் நிலத்தின் பெயரால் கோண்டுவானா நிலம் என்று பெயரிட்டவரும் இவரே. பாடப்புத்தகத்தில் அந்தப் பெயரைப் படித்தவர்களில் பலருக்கு, ஒரு நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர் அவர் என்பது தெரியாது.

எதிர்ப்பு இல்லாமல் இது நடந்துவிடவில்லை. ஊற்றுநீரை மேலேயே பிடித்துக்கொண்டால் கீழே ஷ்வார்ட்சா ஆற்றை நம்பியிருக்கும் ஆலைகளின் கதி என்ன என்று அவற்றின் உரிமையாளர்கள் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. இன்றும் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குக் குடிநீர் கொண்டுபோனாலும் இதே கேள்விதான் எழுகிறது. இருந்தும் 1864-இல் நகர்மன்றம் சூஸின் திட்டத்தை ஏற்றது. 1865-இல் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் கைசர்ப்ரூன் ஊற்றை நகருக்குக் கொடையாக அளித்தார். பக்கத்துப் பள்ளத்தாக்கிலுள்ள ஷ்டிக்சன்ஷ்டைன் ஊற்றை ஹோயோஸ் பிரபு குடும்பம் வழங்கியது. அந்தோனியோ கபிரியெல்லி என்ற ஒப்பந்தக்காரர் 1870-இல் பணியைத் தொடங்கி, ஏறத்தாழ 95 கிலோமீட்டர் நீளத்தை மூன்றரை ஆண்டுகளில் முடித்தார். மலையைக் குடைந்தும் கல் கட்டியும் செய்த வேலை அது. டைனமைட் அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்தது, கனரக இயந்திரங்கள் இல்லை. இவ்வளவு விரைவில் எப்படி முடித்தார்கள் என்பதை என் தொழிலில் இருந்தவன் எளிதில் கடந்துபோக முடியாது.

இனி நீங்கள் பார்க்கப் போவதைச் சொல்கிறேன். வியன்னாவிலிருந்து ரயிலில் பாயர்பாக்-ரைஹெனாவ் நிலையத்தில் இறங்க வேண்டும். 1854-இல் திறக்கப்பட்டு இன்று உலகப் பாரம்பரியச் சின்னமாக இருக்கும் செமரிங் மலை ரயில்பாதையில் அந்த நிலையம் இருக்கிறது. ஊருக்குள் ஷ்வார்ட்சா ஆற்றைக் கடக்கும் வளைவுப் பாலத்தை நின்று பாருங்கள். அங்கிருந்து பேருந்தில் ஹோலன்டால் பள்ளத்தாக்குக்குள் போகலாம். நரகப் பள்ளத்தாக்கு என்று பொருள்படும் அந்தப் பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். ஒரு பக்கம் ராக்ஸ், மறுபக்கம் ஷ்னேபெர்க் என்று 2,000 மீட்டரைத் தாண்டிய இரண்டு சுண்ணாம்புப் பாறை மலைகள் நெருங்கி நிற்க, நடுவே பச்சை நிறத்தில் ஆறு ஓடும் இடம் அது. அந்தப் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்துக்குமேல் சுமார் 520 மீட்டர் உயரத்தில் கைசர்ப்ரூன் இருக்கிறது.

அங்கே பெரிய ஆலையை எதிர்பார்த்துப் போனால் ஏமாறுவீர்கள். சில கட்டடங்கள், ஒரு சிறிய அருங்காட்சியகம், ஊற்றை மூடிப் பாதுகாக்கும் கல்மண்டபம், அவ்வளவுதான். அருங்காட்சியகத்தில் பழைய குழாய்த் துண்டுகள், வால்வுகள், அளவுக் கருவிகள், வரைபடங்கள் ஆகியவற்றை வைத்திருக்கிறார்கள். வழிகாட்டியுடன் செல்வோருக்கு ஊற்றுக்கூடத்தையும் காட்டுவது உண்டு. நான் சென்ற ஒருமுறை வழிகாட்டி அதன் கதவைத் திறந்ததும் முதலில் உணர்ந்தது குளிர். பிறகு ஒலி. நீர் இருக்கிறதா என்று ஐயுறும் அளவுக்குத் தெளிவாக, அடியிலுள்ள கற்கள் கையெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தெரிந்தன. சில நிமிடங்களில் பார்த்து முடித்துவிடலாம். அதைப் பார்த்தவுடன் திரும்பிவிடுபவர்கள்தான் பிறகு அங்கே ஒன்றுமில்லை என்று எழுதுகிறார்கள்.

என் கருத்தில், கைசர்ப்ரூனில் குடிநீர் நிலையம் என்பது அந்தக் கட்டடம் அன்று, அதற்குப் பின்னால் நிற்கும் மலை. வெளியே வந்து தலையை நிமிர்த்திப் பாருங்கள். மலையுச்சியின் சமவெளியில் பெரிய ஓடைகள் இராது. பெய்யும் மழையும் உருகும் பனியும் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளிலும் குழிகளிலும் விழுந்து உள்ளே இறங்கிவிடுகின்றன. பாறையைச் சிறிது சிறிதாகக் கரைத்து நீரே அமைத்துக்கொண்ட வழிகள் அவை. அடியில் நீரை விடாத களிப்பாறை அடுக்கு குறுக்கிடும்போது அது மேற்கொண்டு இறங்க முடியாமல் பக்கவாட்டில் நகர்ந்து, பள்ளத்தாக்கின் அடியில் ஊற்றாக வெளிப்படுகிறது. அந்த மலையே நீர்ப்பிடிப்புப் பகுதி, அந்த மலையே தேக்கத் தொட்டி, பெருமளவுக்கு அந்த மலையே வடிகட்டியும்கூட.

பெருமளவுக்கு என்று நான் சொன்னதைக் கவனியுங்கள். சுத்திகரிப்பதே இல்லை என்று நீங்கள் கேள்விப்பட்டதில் பாதி சரி, பாதி தவறு என்பது இங்கேதான் தெரியும். மணற்படுகை வழியாக மெல்லக் கசிந்து வரும் நீர் வடிவதுபோல், சுண்ணாம்புப் பாறையின் வெடிப்பில் விழும் நீர் வடிவதில்லை. அகன்ற வெடிப்பாக இருந்தால், மேலே விழுந்தது சில நாட்களிலோ, சில நேரங்களில் அதற்கும் முன்னரோ கீழே வந்துவிடும். பலத்த மழைக்குப் பின் ஊற்று கலங்குவதும் அதனால்தான். ஆகவே ஊற்றுகளில் நீரின் கலங்கல், வெப்பநிலை, மின்கடத்துதிறன், கரிமப்பொருள் ஆகியவற்றை இடைவிடாமல் அளக்கும் கருவிகளை வைத்திருக்கிறார்கள். அளவு மீறினால் அந்த ஊற்றின் நீரை வழித்தடத்தில் விடாமல் ஆற்றில் திருப்பிவிடுகிறார்கள். நம் ஊர்களில் ஆற்றுநீருக்குச் செய்வதுபோல் படிகாரம் கலந்து தெளியவைத்து மணல் வடிகட்டியில் விடும் வேலை அங்கே இல்லை. ஆனால் நகர மக்களுக்குப் போகும் முன் முன்னெச்சரிக்கையாகக் கிருமிநீக்கம் செய்யப்படுகிறது. குடிக்கும்போது குளோரின் வாடை தெரியாது என்பதால், எதுவுமே செய்யவில்லை என்று மக்கள் எண்ணிக்கொள்கிறார்கள்.

சுத்திகரிப்பின் பெரும்பகுதி உண்மையில் மலையின் மேலே நடக்கிறது. ராக்ஸ், ஷ்னேபெர்க் பகுதி 1965 முதல் நீர்ப்பாதுகாப்புப் பகுதியாகக் காக்கப்படுகிறது. ஊற்றுகளின் மேலுள்ள 30,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட காட்டை வியன்னா நகர நிர்வாகமே பராமரிக்கிறது. மரம் வெட்டுவதிலும், மாடு மேய்ப்பதிலும், மலையேறுவோர் தங்கும் விடுதிகளின் கழிவை அகற்றுவதிலும் நீரை முன்னிட்டே முடிவெடுக்கிறார்கள். 100 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள காட்டில் எந்த மரம் நிற்க வேண்டும் என்பதை ஒரு மாநகரின் குடிநீர் தீர்மானிக்கிறது. நான் பணியில் இருந்த காலத்தில் குளத்தின் கரையைப் பற்றிக் கவலைப்பட்ட அளவுக்கு வரத்துக் கால்வாய்களைப் பற்றி நாங்கள் கவலைப்பட்டதில்லை. மேலே கெட்டதைக் கீழே மருந்து போட்டுச் சரிசெய்யலாம் என்றே நினைத்தோம். அந்த எண்ணத்தை என்னிடமிருந்து நீக்கியது கைசர்ப்ரூன்தான்.

ஊற்றைப் பார்த்துவிட்டு, பேருந்துக்குக் காத்திராமல் ஹிர்ஷ்வாங் என்ற ஊர் வரை நடந்து இறங்குங்கள். நீர்வழிப் பாதை என்றே பெயரிட்டு, வழித்தடத்தை ஒட்டியே நடைபாதை அமைத்திருக்கிறார்கள். மரப்பாலங்களும் படிகளுமாக, ஆற்றின் ஓரமாகவே போகும் அந்த நடைக்கு நின்று நின்று போனாலும் இரண்டு மணி நேரம் போதும். வழித்தடம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. அது இரும்புக் குழாய் அன்று, ஆள் குனிந்து நடக்கும் அளவுக்கு உயரமான, கல்லால் கட்டி மூடிய கால்வாய். அதில் நீர் முழுதும் நிரம்பி அழுத்தத்தோடு போவதில்லை. மேலே காற்று இருக்க, வாட்டத்தில் தானாக ஓடுகிறது. ஊற்றுக்கும் நகர விளிம்பிலுள்ள ரோசன்ஹூகல் தேக்கத் தொட்டிக்கும் உயர வேறுபாடு சுமார் 280 மீட்டர். 95 கிலோமீட்டருக்கு அதைப் பகிர்ந்தால் 1,000 மீட்டருக்குச் சராசரியாக மூன்று மீட்டர் வாட்டம் கிடைக்கிறது. நீர் நகரை அடைய ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது என்பதால் அதன் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் இருக்கும். வண்டல் படியவும் விடாது, கட்டுமானத்தை அரிக்கவும் செய்யாது. இந்தக் கணக்கைக் காகிதத்தில் யாரும் போடலாம். காடும் பாறையும் குறுக்கிடும் நிலத்தில் 95 கிலோமீட்டருக்கு வாட்டம் தவறாமல் கட்டியதுதான் அரிய செயல்.

பள்ளங்கள் வரும்போது வழித்தடம் வளைவுத் தூண்களின் மேல் ஏறிக் கடக்கிறது. பாடன், மோட்லிங், லீசிங் ஆகிய இடங்களில் அத்தகைய நீர்ப்பாலங்களைப் பார்க்கலாம். குமரி மாவட்டத்தின் மாத்தூர்த் தொட்டிப்பாலத்தில் நடந்தவர்களுக்கு இது எப்படி வேலை செய்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. மாத்தூரில் பாசன நீர் திறந்த தொட்டியில் ஓடுகிறது. இங்கே குடிநீர் என்பதால் மேலே மூடியிருக்கிறார்கள். ரயிலில் திரும்பும்போது பாடனுக்கு அருகே சன்னல் வழியாகக் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

இனி ஐயத்துக்குரியவை. பேரரசர் ஆறாம் சார்லஸ் 1732-இல் வேட்டைக்கு வந்தபோது இந்த ஊற்றைக் கண்டு சுவைத்து, பின்னர் குதிரை வீரர்களைக் கொண்டு நீரை அரண்மனைக்கு வரவழைத்தார் என்று அங்கே சொல்வார்கள். அரண்மனைக்கு நீர் போனது பதிவில் உள்ள செய்தி. பேரரசரே கண்டுபிடித்தார் என்பதை மரபுக் கதையாகவே கொள்வது நல்லது. அந்த மலையடிவாரத்தில் விறகு வெட்டியவர்களுக்கும் மாடு மேய்த்தவர்களுக்கும் அதற்குமுன் ஊற்று தெரியாமல் இருந்திருக்க முடியாது. மலைநீர் வந்தவுடன் வியன்னாவில் நோய் ஒழிந்தது என்ற கூற்றையும் சற்று நிதானமாகவே ஏற்க வேண்டும். 1873 கோடையில் உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தபோதே நகரில் காலரா பரவியது. மலைநீர் அக்டோபர் 24-ஆம் நாள்தான் வந்தது. அதன்பின் டைபாய்டு மரணங்கள் வெகுவாகக் குறைந்தன என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் எல்லா வீடுகளுக்கும் இணைப்புக் கொடுக்கப் பல ஆண்டுகள் ஆயின. கழிவுநீர்ச் சாக்கடைகளும் அதே காலத்தில்தான் விரிந்தன. குறைந்ததில் எவ்வளவு பங்கு எதற்கு உரியது என்று பிரித்துச் சொல்வது மருத்துவ வரலாற்று ஆய்வாளர்களின் வேலை.

இன்னொன்றையும் அருங்காட்சியகத்தில் மறைக்காமல் காட்டியிருக்கிறார்கள், அது எனக்குப் பிடித்தது. முதல் திட்டம் தொடக்கத்தில் போதவில்லை. குளிர்காலத்தில் மலையில் விழுவதெல்லாம் பனியாக உறைந்து நிற்பதால் ஊற்று மெலிந்துவிடும். அதைச் சமாளிக்க 1878-இல் பாட்ஷாக் என்ற இடத்தில் நிலத்தடி நீரை இறைத்துச் சேர்க்க வேண்டியிருந்தது. பிறகு பள்ளத்தாக்கின் மேற்பகுதி ஊற்றுகளை ஒவ்வொன்றாக இணைத்தார்கள். புறநகர்கள் நகரோடு சேர்ந்து மக்கள்தொகை பெருகியபோது அதுவும் போதாமல், ஷ்டைரியா மாநிலத்திலிருந்து இரண்டாவது வழித்தடத்தைக் கட்டினார்கள். 1910 டிசம்பர் 2-இல் திறக்கப்பட்ட அது 180 கிலோமீட்டர் நீளமுள்ளது. அதில் நீர் வர ஏறத்தாழ 36 மணி நேரம் ஆகிறது. அதன் தொடக்கத்திலுள்ள வில்டால்பன் ஊரிலும் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, அருகிலுள்ள கிளாஃபர் ஊற்று பனி உருகும் காலத்தில் நொடிக்கு 10,000 லிட்டர் வரை தரக்கூடியது. ஆனால் நான்கு நாள் பயணத்தில் அங்கே போய்வருவது சிரமம், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நகருக்குள் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, பத்தாம் வட்டத்தில் 1899-இல் கட்டி முடித்த ஃபாவரிட்டன் நீர்க்கோபுரம். 67 மீட்டர் உயரமுள்ள செங்கல் கட்டடம் அது. மலைநீர் தானாக ஏற முடியாத மேட்டுப் பகுதிகளுக்கு நீரை இறைத்து ஏற்றக் கட்டினார்கள். இரண்டாவது வழித்தடம் இன்னும் உயரமான மட்டத்தில் நகரை அடைந்ததால் 1910-க்குப் பின் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. எல்லா நாளும் உள்ளே விட மாட்டார்கள், வெளியிலிருந்து பார்த்தாலும் போதும். மற்றொன்று ஷ்வார்ட்சன்பெர்க் சதுக்கத்திலுள்ள பெரிய நீரூற்று. முதல் வழித்தடத்தின் திறப்பு நாளில் மலைநீர் வந்துவிட்டது என்பதை மக்களுக்கு அறிவிக்கவே அதைப் பீறிடச் செய்தார்கள். அதன் விளிம்பைச் சுற்றி ஆண்டின் நாட்களைக் குறிக்க 365 சிறு பீச்சுகளை வைத்திருக்கிறார்கள்.

ஆகவே உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் விடை, போங்கள் என்பதே. ஆனால் ஊற்றுக்கூடத்துக்காக மட்டும் போகாதீர்கள், பள்ளத்தாக்கில் நடப்பதற்கும் சேர்த்து முழு நாளை ஒதுக்குங்கள். நடக்க முடியாதவர்கள் உடன் வந்தாலோ, அன்று கனமழை என்றாலோ போக வேண்டாம், நகரிலுள்ள இரண்டு இடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அருங்காட்சியகம் கோடை மாதங்களில் குறிப்பிட்ட நாட்களில்தான் திறந்திருக்கும், பெரும்பாலும் வார இறுதியில். புறப்படும் முன் அவ்வாண்டின் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குப் பேருந்தும் அடிக்கடி வராது, திரும்பும் நேரத்தை முதலிலேயே குறித்து வையுங்கள். வெறும் பாட்டில் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள், வழியில் தண்ணீர் வாங்கத் தேவையில்லை.

முடிந்தால் மூன்றாம் நாளில் போங்கள். காலையில் ஊற்றைப் பார்த்து, நடந்து இறங்கி, மாலையில் சதுக்கத்துக்கு வந்து நீரூற்றின் முன் உட்காருங்கள். நீங்கள் மலையடியில் பார்த்த நீர் அப்போது பாதி வழியில், எங்கோ வயல்களுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் தங்கும் பகுதிக்கு முதல் வழித்தடத்தின் நீர் வருமானால், தேக்கத் தொட்டியில் மற்ற நீரோடு கலந்து, நான்காம் நாள் பிற்பகலுக்குள் அதில் ஒரு பங்கு உங்கள் அறைக் குழாயை எட்டக்கூடும். விமானம் இரவில் என்றால் கிளம்பும் முன் ஒரு குவளை பிடித்துக் குடித்துவிட்டுப் போங்கள்.